அடிப்பிடித்தது

பதினொரு வருஷம் நான் பிரான்சைப்
பார்த்தது கீழே இருந்து.
மேலே குசினி. நிலவறையில் நான்.
நடுவே, கோப்பைகள் மட்டும் ஏறி இறங்குகிற
சின்ன லிஃப்ட்.

பெரிய கடையில்லை அது.
தபால்காரரும் பஸ் ஓட்டுகிறவர்களும்
மத்தியானம் வந்து, தங்கள் வீட்டுச் சாப்பாட்டைக்
காசு கொடுத்துச் சாப்பிட்டுப் போகிற இடம்.
என்ன சாப்பிட்டார்கள் என்று
எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.
மிச்சம் சொன்னது.

திங்கள் என்றால் கோப்பை ஓரத்தில் பருப்பு.
நம்முடைய மைசூர்ப் பருப்பில்லை,
பச்சை; எவ்வளவு அவித்தாலும் கரையாத
பிடிவாதக்காரப் பருப்பு.
சில நாள் கோழியெலும்பு வரும்,
எலும்புக்குள்ளும் ஊதா நிறம் ஏறி.
பிறகு அந்த நீள்சட்டி.
விளிம்பைச் சுற்றிக் கருகிய பால்,
இடப்பக்கம் கொஞ்சம் தடிப்பு,
அவர்கள் அடுப்புக்கு அந்தப் பக்கம் சூடு கூட.
சுரண்டி எடுக்க இருபது நிமிஷம்.
மேலேயிருந்து கத்துவார்கள்: "கிராத்தன்!"
வெகுநாளாக நினைத்திருந்தேன்
அது என்னைத் திட்டுகிற சொல் என்று.

வேலை முடிய எனக்குப் பாணும் அவித்த முட்டையும்.
கேட்டிருந்தால் மற்றதும் தந்திருப்பார்கள்.
கேட்க மொழி இல்லை.
மொழி வந்தபோது வெட்கமும் வந்துவிட்டது.
மறுகா, காட் இல்லையென்று
பிளேனில் ஏற்றிவிட்டார்கள்.

இப்போது கல்லடியில்,
ஞாயிற்றுக்கிழமைகளில் சமைக்கிறேன்.
தின்னாத சாப்பாட்டை,
கழுவிய சட்டியிலிருந்து பின்னோக்கி நடந்து.

பால் கருகியதென்றால் பால் ஊற்றியிருக்கிறார்கள்.
எவ்வளவு?
முதல்முறை உருளைக்கிழங்கு மிதந்தது.
இரண்டாம்முறை தோணி மாதிரித் தரைதட்டியது.
சீஸ் என்று கடையில் தந்த முக்கோணத்தைப்
பிய்த்துப் போட்டேன்; உருகாமல்
குந்திக்கொண்டு இருந்தது.
யோகமலர்தான் சொன்னாள்,
எருமைத் தயிரைத் துணியில் கட்டி
ஒரு இரவு தொங்கவிடச் சொல்லி.
தொங்கவிட்டோம்.
விடிய விடியப் பூனைக்குக் காவல் இருந்தோம்.

ஊதாவுக்கு வைன் வேண்டும்.
ஞாயிறு காலை வைன் வாங்க ஆர் போறது?
நாவற்பழம் அவித்துப் பிழிந்தேன்.
காத்தான்குடி றபியுதீன் வெட்டித் தந்த கோழி
அதில் கிடந்து ஊறி,
மரத்தடியில் பிடிபட்ட பள்ளிக்கூடப் பொடியனின்
நாக்கு நிறத்துக்கு வந்தது.
றபியுதீன் ஒரு துண்டு கடித்துவிட்டுக் கேட்டான்:
"இதுக்குப் பேரென்ன மச்சான்?"
பேர் தெரியாது.
எலும்பு தெரியும்.

ஒழுங்கையில் இது விளையாட்டாகிவிட்டது.
மூடி திறக்குமுன் மணத்தை வைத்து
என்னவென்று சொல்ல வேண்டும்.
பக்கத்து வீட்டு டிலுக்சிக்கு எப்போதும் ஒரே பதில்:
"கிழங்கு."
பாதிநாள் அவள்தான் வெல்கிறாள்.
ஞானமுத்தர் வேலிக்கு அங்கால நின்று
"பால்கறிய அடிப்பிடிக்க விட்டுப்போட்டு
பிரான்ஸ் எண்டு பேய்க்காட்டுறான்" என்பார்.
பிழையென்று சொல்ல
என்னிடமும் ஆதாரம் இல்லை.

ருசி சரிதானா?
இங்கே உண்மையானதைத் தின்றவர் ஒருவருமில்லை,
என்னையும் சேர்த்து.
எல்லோரும் போன பிறகு
கிணற்றடி லைட்டுக்குக் கீழே
வெறுஞ்சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.
எனக்குத் தெரிந்த பாஷை அதுதான்.

இன்றைக்கு
விளிம்பைச் சுற்றி மண்ணிறத்தில் ஒரு கோடு.
இடப்பக்கம் தடிப்பு.
வாவிக்காற்று அந்தப் பக்கத்துத் தணலை
ஊதியிருக்க வேண்டும்.
நகத்தால் சுரண்டினேன்.
வரவில்லை.
இன்னும் அழுத்திச் சுரண்டினேன்.

"யோகம்!" என்று கத்தினேன், "கிராத்தன்!"
"கழுவிப்போட்டு வாங்களன், நுளம்பு"
உள்ளேயிருந்து குரல்.

கழுவவில்லை.
தண்ணீர் ஊற்றி ஊறவைக்கவும்
கை போகவில்லை.